செத்தல் கிலுங்கினால்தான் அரைக்கலாம்: வழங்கல் சங்கிலியில் அறிவு முகாமைத்துவம் என்றால் என்ன?

எங்கள் பெரியம்மா செத்தல் மிளகாய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு காயை எடுத்துக் காதுக்குக் கிட்ட வைத்து ஆட்டுவார். உள்ளே விதை கிலுங்கினால் சரி. கிலுங்காவிட்டால், "உது இன்னும் காயேல்லை, திரும்ப வெயிலிலை போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஏன் எதற்கு என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்த மிளகாய் பிறகு வறுபட்டு, மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலையோடு யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்து மில் ஒன்றில் அரைபட்டு, பைக்கற்றாகி, லொறியில் கொழும்புக்குப் போய்க் கப்பலேறி, ஒன்றிரண்டு மாதம் கழித்து கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையின் சாமான் தட்டில் போய் உட்காரும். அந்தக் கடைக்காரர் அடுத்த முறை 200 கிலோ எடுப்பதா 500 கிலோ எடுப்பதா என்று யோசிக்கும்போது, பெரியம்மாவின் காதில் அன்று என்ன கேட்டது என்பது அவருக்குத் தெரியாது. அதேபோல, கடையில் எந்தப் பைக்கற் ஓடுகிறது, எது தூசி பிடித்துக் கிடக்கிறது என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது.

இந்த இரண்டு தெரியாமைகளுக்கும் இடையில் கிடக்கிற பிரச்சினைக்குத்தான் பல்கலைக்கழகங்களில் ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்: வழங்கல் சங்கிலியில் தீர்மானம் எடுப்பதற்கான அறிவு முகாமைத்துவம். பொருள் கைமாறிப் போகிற வழியில் ஒருவருக்குத் தெரிந்ததை, முடிவெடுக்கிற மற்றவரிடம் வேண்டிய நேரத்துக்குள் போய்ச் சேரச் செய்வதுதான் அது. தமிழ்நாட்டுக்காரர் அறிவு மேலாண்மை என்று எழுதுவார்கள், விஷயம் ஒன்றுதான். நான் இதைப் படிப்பிக்கிற ஆள் இல்லை, வீட்டுக் கறித்தூள் வியாபாரத்தில் கணக்கும் கடிதமும் பார்க்கிறவன். ஆனால் பெயரைக் கண்டு பயந்து ஓடுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

முதலில் சங்கிலியைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் என்று பெருமையாக அச்சடிக்கிறோமே, அதற்குள் இருக்கிற செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. இலங்கை தனக்குத் தேவையான காய்ந்த மிளகாயில் பெரும் பங்கை இறக்குமதிதான் செய்கிறது (இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் உண்மை அதுதான்). ஆந்திராவின் குண்டூரில் ஒருவர் விளைவிக்கிறார், அங்கே ஒரு வியாபாரி வாங்குகிறார், கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரி இறக்குகிறார், அவரிடமிருந்து எங்களுக்கு மூடை வருகிறது. பைக்கற் ஒரு இடம், லேபிள் அச்சு இன்னொரு இடம். பிறகு ஏ9 பாதை வழியாகக் கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், கப்பல் முகவர், சுங்கம், கப்பல், ரொறன்ரோவில் இறக்குமதிக்காரர், கடை. பொருள் ஒரு பக்கம் போகிறது, காசு மற்றப் பக்கம் வருகிறது. இரண்டு பக்கமும் போய்வர வேண்டிய மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் அறிவு. பொருளுக்கு லொறி இருக்கிறது, காசுக்கு வங்கி இருக்கிறது. அறிவுக்கு என்று தனியாக வாகனம் கிடையாது, அது ஆட்களின் தலைக்குள்ளும் வட்ஸ்அப் குரல் பதிவுகளுக்குள்ளும் கிடக்கிறது.

சங்கிலி அறுந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2006 ஆகஸ்டில் போரால் ஏ9 மூடப்பட்டபோது சீனியும் மாவும் என்ன விலைக்குப் போனது என்று இங்கே வளர்ந்த எவரையும் கேளுங்கள். அந்தக் காலத்தில் எந்தக் கடைக்கு எப்போது கப்பல் சாமான் வரும் என்று அறிந்து வைத்திருந்த ஆள்தான் ஊரில் பெரிய ஆள்.

சரி, அறிவு என்று எதைச் சொல்கிறோம்? இங்கே மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஈரப்பதம் பார்க்கிற மீற்றரில் 13 என்று காட்டினால் அது தரவு, வெறும் இலக்கம். கார்த்திகையில் வந்த மூடைகள் எல்லாமே 12க்கு மேலே காட்டின, பங்குனியில் வந்தவை 9, 10 என்று காட்டின என்று ஒழுங்குபடுத்தி வைத்தால் அது தகவல். "மழைக் காலத்தில் வந்த மூடையை உடனே அரைக்காதே, இரண்டு நாள் வெயில் காட்டு, வெயில் இல்லையென்றால் அந்தக் கிழமை லொறிக்கு ஒப்புக்கொள்ளாதே" என்று ஒருவர் சொன்னால் அது அறிவு. கடைசியில் சொன்னது மட்டும்தான் நாளைக்கு என்ன செய்வது என்று சொல்கிறது. பல கம்பனிகள் முதலாவதை மலைபோலக் குவித்துவிட்டு மூன்றாவது தங்களிடம் இருப்பதாக நினைத்துக்கொள்வதுதான் நான் கண்ட அளவில் இந்தத் துறையின் மிகப் பெரிய வியாதி. லட்சக்கணக்கில் கொட்டி மென்பொருள் வாங்குவார்கள், அதற்குள் ஒரு வரி அறிவு இருக்காது.

அறிவிலும் இரண்டு வகை இருக்கிறது. எழுதி வைக்கக்கூடியது ஒன்று: சமையல் குறிப்பு, விலைப் பட்டியல், சுங்கப் பத்திரம். மற்றது கையிலும் காதிலும் மூக்கிலும் இருப்பது, கேட்டால் சொல்லத் தெரியாதது. பெரியம்மாவின் கிலுக்கம் இரண்டாவது வகை. ஜப்பானியப் பேராசிரியர் இகுஜிரோ நொனாகா இதைப் பற்றி நிறைய எழுதியவர், அவர் சொல்லும் ஒரு சம்பவம் எனக்குப் பிடிக்கும். 1980களில் மட்சுஷிடா என்ற மின்சாதனக் கம்பனி வீட்டிலேயே பாண் சுடுகிற இயந்திரம் ஒன்றைச் செய்யப் பார்த்தது. மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. எவ்வளவு அளந்து பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் அவர்களுடைய மென்பொருள் வல்லுநர் ஒருவர் ஒசாகாவின் ஹோட்டல் ஒன்றில் தலைமைப் பாண் தயாரிப்பாளரிடம் போய்க் கூட இருந்து பிசைந்து பார்த்தார். அந்த மனிதர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த முறுக்கை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தார்கள், பாண் சரிவந்தது. பாண்காரரிடம் கேள்விப் பத்திரம் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தால் அந்த முறுக்கை அவர் எழுதியிருக்க மாட்டார், அவருக்கே அது தான் செய்கிற ஒன்றாகத் தெரிந்திருக்காது.

நாங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தோம், பேராசிரியரை அறியாமலே. ஒரு மீற்றர் வாங்கிப் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவர் "சரி" என்ற காய்களையும் "காயேல்லை" என்ற காய்களையும் தனித்தனியே அளந்தோம். அவர் சரி என்றவை பெரும்பாலும் 11க்குக் கீழே. இரண்டு மாதத்தில், பெரியம்மா நல்லூர்த் திருவிழாவுக்குப் போன நாட்களிலும் வேலை நடந்தது. ஆனால் ஒன்று, காது வேகமானது, சான்றிதழ் தராது. காயாத மிளகாயில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடொக்சின் என்கிற நஞ்சு உண்டாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாசனைச் சரக்குகளில் அதன் பி1 வகைக்கு ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அதை எந்தக் காதாலும் கேட்க முடியாது, ஆய்வுகூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆய்வுகூடம் ஒரு மூடையிலிருந்து ஒரு கைப்பிடிதான் பார்க்கும், பெரியம்மா எல்லா மூடைக்குள்ளும் கைவிடுவார். இரண்டும் வேண்டும்.

இனி மிளகாய்த்தூள் உலகத்தையே ஆட்டிய ஒரு கதை. சூடான் 1 என்று ஒரு சிவப்புச் சாயம் இருக்கிறது, தொழிற்சாலைகளில் பாவிப்பது, உணவில் போடக்கூடாதது. தூளின் நிறம் எடுப்பாகத் தெரிவதற்காக அதைக் கலந்து விட்டவர்கள் இருந்தார்கள். 2003இலேயே ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் மிளகாய்த்தூளுக்குச் சோதனைச் சான்றிதழ் கேட்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே உள்ளே போய்விட்ட தூள் ஒன்று பிரித்தானியாவில் வோஸ்டர் சோஸ் ஒன்றுக்குள் இருந்தது. அந்த சோஸ் இன்னும் பல கம்பனிகளின் சூப், இறைச்சிக் குழம்பு, தயார் உணவு என்று எங்கெங்கோ மூலப்பொருளாகப் போயிருந்தது. 2005 பெப்ரவரியில் விஷயம் வெளியே வந்தபோது பிரித்தானிய உணவுத் தர முகவரகம் 400க்கும் மேற்பட்ட பொருட்களைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டி வந்தது. பட்டியல் ஒரே நாளில் முடியவில்லை, நாளுக்கு நாள் நீண்டது. ஏனென்றால் எந்த சோஸ் எந்தச் சூப்புக்குள் போனது என்பது ஒரே இடத்தில் எவருக்கும் தெரியாது, ஒவ்வொருவருக்கும் தன் துண்டு மட்டும்தான் தெரியும்.

தற்செயலாக அதே 2005 ஜனவரி முதலாம் திகதிதான் ஐரோப்பாவில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது: உணவு வியாபாரம் செய்கிற எவரும் தான் யாரிடம் வாங்கினேன், யாருக்குக் கொடுத்தேன் என்பதைக் கேட்ட உடனே காட்ட வேண்டும். பின்னால் ஒரு படி, முன்னால் ஒரு படி. சங்கிலி முழுவதையும் ஒருவர் தலையில் வைத்திருக்கத் தேவையில்லை, ஆளுக்கு இரண்டு படி எழுதினால் போதும், கோத்துக்கொண்டே போகலாம். எங்கள் பைக்கற்றின் பின்பக்கத்தில் தொகுதி இலக்கம் என்று ஒரு சின்ன இலக்கம் இருப்பது இதற்காகத்தான். மில்காரர் ஆரம்பத்தில் "இந்த நம்பர் யாருக்கு, பேய்க்கோ?" என்று சிரித்தார். எந்த மூடை எந்த நாளில் அரைபட்டது என்பது அந்த நம்பருக்குள் இருக்கிறது.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. எனக்குத் தருகிறவரை எனக்குத் தெரியும், அவருக்குத் தருகிறவரைத் தெரியுமா? 2020இல் மஞ்சள் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தி வைத்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கிலோ சில நூறு ரூபாய்க்கு வாங்கின மஞ்சள் ஆயிரங்களுக்கு ஏறியது. மன்னார்ப் பக்கத்துக் கடலில் மூடை மூடையாகக் கடத்தல் மஞ்சள் பிடிபட்ட செய்தி இல்லாத கிழமை இல்லை, சந்தையில் மஞ்சள்தூளோடு மா கலக்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது. எங்களுக்குத் தூள் தருகிற வியாபாரி நல்ல மனிதர், பத்து வருடப் பழக்கம். அவருக்கு யார் தருகிறார் என்று கேட்டபோதுதான் அவருக்கும் சரியாகத் தெரியாது என்று தெரிந்தது. கோதுமை மா கலந்த மஞ்சள் எங்கள் தூளுக்குள் வந்து, அது லேபிளில் இல்லாமல் கனடாவில் பிடிபட்டிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். அன்றிலிருந்து மஞ்சளைத் தூளாக வாங்குவதில்லை, கிழங்காக வாங்கி நாங்களே அரைக்கிறோம். செலவு கூடத்தான்.

டொயோட்டா மாதிரி ஒரு கம்பனிக்கே இது தெரிந்திருக்கவில்லை என்பது எனக்கு ஒரு ஆறுதல். 2011 மார்ச் 11ஆம் திகதி ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, தங்களுக்கு நேரே பாகம் தருகிறவர்களைத்தான் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த வழங்குநருக்குத் தருகிறவர், அவருக்குத் தருகிறவர் என்று கீழே போகப் போக இருட்டு. கார்ப் பூச்சில் மினுமினுப்புத் தருகிற ஒரு நிறமி உலகத்திலேயே ஃபுகுஷிமாவில் இருந்த ஒரே ஒரு ஆலையில்தான் செய்யப்பட்டது என்பது, அந்த ஆலை நின்றபிறகு அமெரிக்காவில் சில நிறக் கார்களுக்கு ஓடர் எடுக்க முடியாமல் போனபோதுதான் பலருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு டொயோட்டா பல அடுக்கு வழங்குநர்களின் விபரங்களைச் சேர்த்துத் தரவுத்தளம் ஒன்றைக் கட்டியது, கிடைப்பதற்கு நாள் எடுக்கும் சிப் போன்றவற்றை 2 முதல் 6 மாதங்களுக்குக் கையிருப்பில் வைக்கும்படி வழங்குநர்களிடம் கேட்டது. 2021இல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது மற்றக் கார்க் கம்பனிகள் தடுமாறிய வேளையில் அது கனநாள் தாக்குப்பிடித்தது. கனநாள்தான், எப்போதும் இல்லை. அந்த வருடம் செப்ரெம்பரில் அதுவும் உற்பத்தியை 40 வீதம் அளவில் குறைக்க வேண்டி வந்தது. அறிவு இருந்தால் அடி விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் பிந்தி விழும், அந்த இடைவெளிக்குள் ஏதாவது செய்யலாம்.

இனி எதிர்ப்பக்கம், கடையிலிருந்து எங்களை நோக்கி வருகிற அறிவு. ஒருமுறை தீபாவளிக்கு முன் ஸ்காபரோக் கடை வழமையான 200க்குப் பதில் 300 கிலோ கேட்டிருக்கிறது. இறக்குமதிக்காரர் மற்றக் கடைகளும் கேட்கும் என்று நினைத்து எங்களிடம் 600 கேட்டார். நாங்கள் இது இனி இப்படியே ஏறும் என்று நம்பி ஒரு தொன்னுக்குச் செத்தல் வாங்கிப் போட்டோம். தை மாதம் ஓடர் இல்லை. மாசியிலும் இல்லை. ஏனென்றால் எல்லோரிடமும் தேவைக்கு மேலே கிடந்தது. சாப்பிடுகிறவர்கள் வழமைபோலத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள், கறிக்கு யாரும் மூன்று மடங்கு தூள் போடவில்லை. இதற்குச் சவுக்கு விளைவு என்று பெயர். மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: கை மணிக்கட்டில் கொஞ்சம்தான் அசையும், நுனியில் இருக்கிற மாட்டைத்தான் கேட்க வேண்டும். 1990களில் ப்ரொக்டர் அன்ட் காம்பிள் கம்பனி தன் பாம்பர்ஸ் அணையாடை விற்பனையில் இதைக் கவனித்தது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கிறார்கள், ஆனால் ஓடர்கள் ஏறி இறங்கின, மூலப்பொருளுக்குக் கம்பனி கொடுத்த ஓடர்கள் இன்னும் மோசமாக ஆடின.

மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. இறக்குமதிக்காரரின் ஊகத்தைப் பார்த்து வாங்காமல், கடையின் உண்மையான விற்பனையைப் பார்த்து வாங்குவது. கடைக்கார அண்ணையிடம் கேட்டோம், கிழமைக்கு ஒருதரம் தட்டைப் படம் எடுத்து அனுப்புங்கோ என்று. முதலில் இறக்குமதிக்காரர் விரும்பவில்லை, தன்னை வெட்டிவிட்டு நேரே வியாபாரம் செய்யப் போகிறோம் என்று பயந்தார். பாடப் புத்தகங்கள் மெல்லத் தாண்டிப் போகிற இடம் இது: அறிவைப் பகிர்வது கணினிப் பிரச்சினை இல்லை, நம்பிக்கைப் பிரச்சினை. ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் அவருடைய சோறு என்றால் அவர் ஏன் சொல்ல வேண்டும்? அவருடைய கொமிஷனை எழுத்தில் உறுதி செய்து கொடுத்த பிறகுதான் படம் வரத் தொடங்கியது.

தெரிந்திருப்பதும் போதாது, முடிவெடுக்கிற ஆளிடம் முடிவெடுக்கிற நேரத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். இதற்கு எல்லோரும் சொல்கிற உதாரணம் ஒன்று இருக்கிறது, நானும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பிலிப்ஸின் சிப் ஆலையில் மின்னலால் சின்னத் தீ ஒன்று. பத்து நிமிடம்வரைதான் எரிந்தது. ஆனால் புகையும் தண்ணீரும் சிப் செய்கிற சுத்த அறைகளைக் கெடுத்துவிட்டன. நொக்கியாவும் எரிக்சனும் அங்கே வாங்குகிறவர்கள், இருவருக்கும் ஒரு கிழமைத் தாமதம் என்ற ஒரே செய்திதான் போனது. நொக்கியாவில் அதைக் கேட்ட ஆட்கள் உடனே மேலே சொன்னார்கள், அந்தப் பாகங்களைத் தினமும் விசாரிக்கிற பட்டியலில் போட்டார்கள், நிலைமை மோசம் என்று தெரிந்ததும் மற்ற ஆலைகளில் இருந்த உற்பத்தியைத் தங்களுக்கு வளைத்தார்கள். எரிக்சனில் செய்தி நடு மட்டத்தில் கிடந்தது, மேலிடத்துக்குப் போகும்போது வாரங்கள் போய்விட்டன. எரிக்சன் இழந்த விற்பனை 40 கோடி டொலர் அளவு என்று கணக்கிட்டார்கள், அடுத்த வருடம் அது தன் கைத்தொலைபேசி வியாபாரத்தை சோனியோடு சேர்த்துவிட்டது.

எங்கள் நாட்டுக் கடலிலேயே இதைவிடக் கசப்பான உதாரணம் இருக்கிறது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல். 1,486 கொள்கலன்கள், அதில் 25 தொன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. கொள்கலன் ஒன்று கசிகிறது என்பது கொழும்புக்கு வருவதற்கு முன்பே தெரியும். கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசிராவிலும் இறக்கக் கேட்டு, இரண்டு இடமும் கையாள வசதியில்லை என்று மறுத்துவிட்டன. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது, ஜூன் 2ஆம் திகதி தாழ்ந்தது. பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரை முழுக்க ஒதுங்கின, மீன்பிடி நின்றது. யாருக்கு எது எப்போது சொல்லப்பட்டது என்பது அதற்குப் பிறகு வழக்கும் விவாதமுமாகப் போனது. கசிவு பற்றித் தெரிந்தவர்கள் சங்கிலியில் ஏற்கெனவே இருந்தார்கள் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

அறிவுக்கும் காலாவதித் திகதி இருக்கிறது என்பதைச் செங்கடல் எங்களுக்குக் காட்டியது. கொழும்பிலிருந்து கனடாவின் கிழக்குக் கரைக்கு சுயஸ் கால்வாய் வழியாக எத்தனை நாள் என்று எங்களுக்கு மனப்பாடம். 2023 நவம்பரில் யேமனின் ஹூதிக் கிளர்ச்சிக்காரர் செங்கடலில் கப்பல் ஒன்றைக் கைப்பற்றிய பிறகு, பெரிய கப்பல் கம்பனிகள் ஒவ்வொன்றாக ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் பத்து நாள், இரண்டு கிழமை என்று நீண்டது, கூலியும் ஏறியது. எங்கள் எக்செல் தாளில் பழைய நாட்கணக்கு அப்படியே இருந்தது. யாரும் அதைத் தப்பாக எழுதவில்லை, எழுதியபோது அது சரி. பொங்கலுக்குப் போக வேண்டிய சாமான் பொங்கல் முடிந்து போய்ச் சேர்ந்தது. இப்போது அந்தத் தாளில் ஒவ்வொரு இலக்கத்துக்குப் பக்கத்திலும் யார் சொன்னது, எந்தத் திகதியில் சொன்னது என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு மேலே பழையது என்றால் முகவருக்கு ஒரு கோல் எடுக்காமல் அதை நம்பி எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது: ஆட்கள் போய்விடுவார்கள். எங்களிடம் பத்திரம் பார்த்த தங்கச்சி ஒருவர் நல்ல கெட்டிக்காரி. செத்தலை முழுதாக அனுப்பினால் சுங்கக் குறியீடு 0904.21, அரைத்தால் 0904.22, மஞ்சள் 0910.30, கலந்த சரக்குத்தூள் என்றால் 0910.91 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இந்த ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஏறத்தாழ எல்லா நாட்டுச் சுங்கத்துக்கும் பொது, எந்த மொழிக்காரரும் ஒரே பொருளாகப் புரிந்துகொள்வார்கள், அறிவு முகாமைத்துவம் என்றால் உலகம் செய்த மிகப் பெரிய வேலைகளில் இது ஒன்று என்பேன். அவருக்குக் கனடா விசா வந்தது. இரண்டு கிழமையில் போய்விட்டார், நாங்கள் கேக் வெட்டி அனுப்பினோம். அடுத்த ஓடருக்கு லேபிள் அடித்தபோது கடுகு என்ற சொல் விடுபட்டுப் போனது. எங்கள் தூளில் கடுகு இல்லை, ஆனால் அதே மில்லில் கடுகு அரைக்கிறார்கள், ஆகவே ஒவ்வாமை எச்சரிக்கையில் அதையும் போட்டு வந்தோம். கனடாவின் ஒவ்வாமைப் பட்டியலில் கடுகும் எள்ளும் இரண்டும் உண்டு. அமெரிக்காவில் எள் 2023 ஜனவரியில்தான் பட்டியலுக்கு வந்தது, கடுகு இல்லை. இந்த வித்தியாசம் எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அச்சடித்த தம்பி அமெரிக்க மாதிரியைப் பார்த்து அடித்துவிட்டார். இறக்குமதிக்காரர் ரொறன்ரோவில் குளிருக்குள் நின்று 900 பைக்கற்றுக்கு ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டி வந்தது, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்.

அந்தத் தங்கச்சிக்குக் கோல் எடுத்துக் கேட்டேன், "இதையெல்லாம் எங்கையாவது எழுதி வைச்சனீங்களோ?" என்று. "ஒருத்தரும் கேக்கேல்லையே அண்ணா" என்றார். நியாயமான பதில்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் கெட்டி அட்டை போட்ட ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி. புதிதாக இதைத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான்: மென்பொருளை விடுங்கள், கொப்பியில் தொடங்குங்கள். நடந்ததை எழுதுவதைவிட, முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். "50 மூடை வாங்கினோம்" என்று மட்டும் எழுதினால் அடுத்த வருடம் அது எதற்கும் உதவாது. "ரூபாய் சரியும் என்று நினைத்து 50 மூடை முந்தியே வாங்கினோம்" என்று எழுதினால், நினைத்தது சரியா பிழையா என்று திரும்பிப் பார்க்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் 350ஐத் தாண்டியபோது நாங்கள் எடுத்த முடிவுகளில் பாதி அதிர்ஷ்டத்தால் சரிவந்தவை, கொப்பி அப்போது இருந்திருந்தால் அதை ஒப்புக்கொண்டிருப்போம், இப்போது மாமா அவையெல்லாம் தன் திட்டம் என்கிறார். பிறகு, யாருக்கு எது தெரியும் என்று ஒரு பக்கம்: பூஞ்சணம் என்றால் பெரியம்மா, கப்பல் நாள் என்றால் முகவர், கனடா லேபிள் என்றால் இப்போதும் அந்தத் தங்கச்சிதான். எல்லா அறிவையும் எழுதிவிட முடியாது, அது யாரிடம் இருக்கிறது என்பதை எழுதலாம்.

இந்தக் கிழமைப் பக்கத்தில் இருப்பது இது: புதிய மூடை 14, மீற்றரில் 12, பெரியம்மா ஆட்டிப் பார்த்தார், கிலுங்கவில்லை. இரண்டு நாள் வெயில் காட்ட வேண்டும், அதனால் லொறி வியாழனுக்குப் பதில் சனி, கப்பல் அடுத்தது. ஸ்காபரோ அண்ணைக்குக் காரணத்தோடு அறிவித்தாயிற்று. அவரிடமிருந்து வந்த பதிலையும் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன்: "பரவாயில்லை தம்பி, தட்டிலை இன்னும் நாற்பது பைக்கற் கிடக்கு, படம் பாருங்கோ."